முதுகில் எழுதிய விண்ணப்பம்

இஞ்சோன்,
1984 ஜனவரி 3

ஹேரானின் அப்பாவுக்கு,

உங்கள் வீட்டுக்காரி எழுதிக்கொள்வது. நானும் உங்கள் மகளும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம். சவூதியின் மணலிலும் உப்புக்காற்றிலும் நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். முதுகுவலி எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எழுதாவிட்டால் வலி இல்லை என்று நம்பிவிடுவேன் என நினைக்காதீர்கள். இத்தனை வருடம் உங்களோடு குடித்தனம் நடத்தியவள் நான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஹேரானுக்கு மதிப்பெண் வந்துவிட்டது. நல்ல மதிப்பெண். பரீட்சை நாளன்று ஒட்டினால் பாஸ் என்கிற நம்பிக்கையில் பள்ளி வாசல் கம்பியில் நான் ஒட்டிய மிட்டாய் வீண்போகவில்லை. ஆனால் நல்ல மதிப்பெண்ணாலும் ஒரு சங்கடம் இருக்கிறது. இங்கே ஊரில் உள்ள ஆசிரியர் கல்லூரிக்கு அது கூடுதல். சியோலில் உள்ள ஹன்மிர் பல்கலைக்கழகத்துக்கு அது எட்டியும் எட்டாத மாதிரி. குதிகாலைத் தூக்கி நின்றால் விரல் நுனி படும், அவ்வளவுதான்.

நீங்கள் விமானம் ஏறியபிறகு முறை எப்படி ஆகிவிட்டது தெரியுமா? மதிப்பெண் கைக்கு வந்தபின் ஒரு பல்கலைக்கழகம், அதில் ஒரு பாடம் என்று தேர்ந்தெடுத்து விண்ணப்பம் போட வேண்டும். அந்தப் பாடத்துக்குக் கூட்டம் குவிந்துவிட்டால் நல்ல மார்க் வாங்கியவளும் வெளியே. ஆள் குறைந்தால் அரைகுறை மார்க்கும் உள்ளே. அதனால் படித்தது போதும், இனி சூதாட்டம்தான் என்று ஊரே அலைகிறது. தப்பான இடத்தில் போட்டால் இன்னொரு வருடம் வீட்டில் உட்கார்ந்து மறுபடி படிக்க வேண்டும்.

என் அழகுநிலையத்தில் இப்போது தலைமுடியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சுருள் போட்டுக்கொண்டு தலை நிறையக் குச்சியோடு உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் கல்வி அமைச்சர்கள். "பொண்ணுக்கு டீச்சர் வேலையை விட்டா என்ன இருக்கு? கண்ணை மூடிக்கிட்டு ஆசிரியர் கல்லூரியில போடு" என்கிறாள் வட்டத் தலைவி. "அட போங்க, பாடம் என்ன பெரிய பாடம்? வாசல் பேரு பெருசா இருக்கணும். என் பையன் ஹன்மிர்ல படிக்கிறான்னு சொன்னாலே பொண்ணு வீட்டுக்காரங்க எந்திரிச்சு நிக்கிறாங்க" என்கிறாள் அரிசிக்கடைக்காரி. அவள் மகனைப் போன வருடம் ஆள் குறைந்த இடம் என்று வனவியலில் தள்ளினார்கள். மரத்தைக் கண்டாலே தும்முகிற பையன் அவன். சேர்ந்ததிலிருந்து ஒரு நாளும் வகுப்புக்குப் போகாமல் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறான். அதை அவள் சொல்வதில்லை, எல்லாருக்கும் தெரியும்.

என் தம்பி மான்சூவுக்கோ காலில் சக்கரம். பட்டாளத்தில் தொலைபேசிக் கம்பி இழுத்த நாளுக்குப் பிறகு இப்போதுதான் அவனுக்கு ஒரு போர் கிடைத்திருக்கிறது. கடைசி நாள் கடைசி நிமிடம்வரை விண்ணப்பத்தைப் போடாமல் கையிலேயே வைத்திருந்து, எந்தப் பாடத்தில் ஆள் குறைவோ அதில் பாய வேண்டுமாம். "அக்கா, நீ பேசாம இரு. ஹன்மிர் வாசலுக்குள்ள அவளைக் கொண்டுபோய் விடறது என் பொறுப்பு. எந்தப் பாடமா இருந்தா என்ன? பட்டத்துல வாசல் பேருதான் பெருசா இருக்கும்" என்கிறான்.

நீங்கள் இலையுதிர் காலத்தில் எழுதியதை மறக்கவில்லை. மனையியல் படித்து ஆசிரியை ஆகட்டும், வெயில் படாத வேலை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஹன்மிரிலும் மனையியல் இருக்கிறது. கிடைத்தால் தம்பி சொன்ன வாசலும் ஆயிற்று, நீங்கள் சொன்ன பாடமும் ஆயிற்று என்று கணக்குப் போட்டேன்.

இவ்வளவு பேர் பேசினோமே, படிக்கப் போகிறவள் ஒரு வார்த்தை பேசினாளா? கமலா ஆரஞ்சை உரித்து உரித்துத் தின்றுகொண்டே இருந்தாள். நான்தான் பொறுக்காமல் "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்டேன். "அம்மா, நான் சிவில் இன்ஜினியரிங் படிக்கப் போறேன்" என்றாள். மனையியல் என்று சொல்வது போலவே சாதாரணமாகச் சொன்னாள்.

என் கையில் இருந்த சீப்பு கீழே விழுந்துவிட்டது. "பாலம், ரோடு, சிமெண்டு, அந்த சிவிலா?" என்றேன். "ஆமா." "பொம்பளப் பிள்ளைக்கு அங்க என்னடி வேலை?" "பாலத்துல ஆம்பளை மட்டுமா நடக்கிறாங்க?" என்று திருப்பிக் கேட்டாள். நாக்கு உங்கள் வீட்டு நாக்கு. என் வீட்டில் யாரும் இப்படிப் பேசமாட்டோம். ஏன் அந்தப் பாடம் என்று எத்தனை விதமாகக் கேட்டும் பதில் இல்லை. அவள் மேசைக்கு மேல் நீங்கள் அனுப்பிய படம் ஒட்டியிருக்கிறது. பாதி கட்டிய கடல் சுவருக்கு முன்னால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறீர்களே, அதுதான்.

வகுப்பாசிரியர் குவாக்கைப் பார்க்கப் போனேன். அவர் எழுதிக் கொடுக்காமல் விண்ணப்பம் இல்லை. சிவில் என்றதும் பேனாவை மூடி வைத்துவிட்டார். "அம்மா, இந்த மார்க்குக்கு அங்க கிடைக்கிறது சந்தேகம். கிடைச்சாலும் அந்த வகுப்புல இவ ஒருத்திதான் பொண்ணா இருப்பா. இவ தோத்தா பள்ளிக்கூடக் கணக்குல ஒண்ணு குறையும். நான் எழுத மாட்டேன்" என்றார். மான்சூ நடுவில் புகுந்து குழைந்து பேசி, ஹன்மிரின் விண்ணப்பத்தில் பாடத்தின் கட்டத்தை மட்டும் காலியாக விட்டு, மற்றதெல்லாம் நிரப்பி, பள்ளி முத்திரை குத்தி வாங்கிவிட்டான். ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் வாங்குகிறார்களாம்.

இப்போது அந்தக் காலிக் கட்டம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. உங்கள் பதில் வந்து சேர்வதற்குள் நாள் முடிந்துவிடும். அவள் தோற்றுவிட்டால் நீங்கள் அங்கேயே ஒப்பந்தத்தை நீட்டிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நான்காவது வருடம். அதனால் தம்பி சொன்னபடி, எது கிடைக்குமோ அதில் போடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். அவளிடம் சொல்லிவிட்டேன். சரி என்றாள். அப்படிச் சரி என்று சொன்னதற்கு நான்கு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கலாம்.

வெயிலில் தலைத்துணி இல்லாமல் நிற்காதீர்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்,
ஹேரானின் அம்மா


இஞ்சோன்,
1984 ஜனவரி 12

ஹேரானின் அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள். கையில் சூடான தேநீர் வைத்துக்கொண்டு படிக்க வேண்டாம்.

விண்ணப்பம் போட்டாயிற்று. எப்படிப் போட்டோம் என்பதை முதலிலிருந்து சொல்கிறேன். முடிவை மட்டும் சொன்னால் திட்டுவீர்கள். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டினால் கொஞ்சம் குறைவாகத் திட்டுவீர்கள்.

கடைசி நாள் காலை மான்சூ வீட்டுக்கு வந்தபோது கழுத்தில் ஒரு சிறு வானொலி, இடுப்பில் மலையேறும் நண்பனிடம் கடன் வாங்கிய வாக்கி-டாக்கி. அவன் பெண்டாட்டியை ஹன்மிர் வாசலுக்கு எதிரே ஒரு தேநீர்க்கடையில், யாராவது கூப்பிட்டு நிலவரம் சொன்னால் கேட்டுவைக்க, தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தான். அவளுக்கு உத்தரவு, இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது. பாவம், கடைக்காரன் முறைக்க முறைக்க ஒவ்வொரு கோப்பையாகத் தேநீர் குடித்து அவள் வயிறு உப்பிப்போனதுதான் மிச்சம்.

விண்ணப்பம் வாங்கும் இடம் விளையாட்டு மண்டபம். உள்ளே போனால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் எழுத்தர்கள் கொட்டாவி விடுகிறார்கள். மேசைக்கு முன்னால் ஒருவரும் இல்லை. ஆனால் மண்டபத்தின் சுவரோரம் எள் போட இடமில்லாமல் கூட்டம். எல்லாரும் விண்ணப்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்பவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். யாராவது ஒருவர் செருமினால்கூட நூறு தலை திரும்புகிறது. "அக்கா, அவசரப்படாத. முதல்ல போறவன்தான் தோப்பான்" என்று என் காதில் ஓதினான் மான்சூ.

ஒரு பெரிய பலகையில் ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள் என்று அவ்வப்போது சாக்கட்டியால் எழுதினார்கள். மதியம்வரை மனையியலில் பாதி இடம்கூட நிரம்பவில்லை. மான்சூவுக்குத் தலைகால் புரியவில்லை. சிவிலில் மட்டும் இருக்கிற இடத்துக்கு மேலேயே ஆட்கள் போட்டுவிட்டார்கள். நான் ஓரக்கண்ணால் ஹேரானைப் பார்த்தேன். அவள் பலகையை ஒருமுறை பார்த்தாள், அதற்குப்பின் பார்க்கவே இல்லை. வெளியே போய் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு வாங்கி வந்து எனக்கு உரித்துக் கொடுத்தாள்.

கதவை மூடப்போகிறோம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள் பாருங்கள், அணை உடைந்த மாதிரிதான். அதுவரை சுவரில் ஒட்டியிருந்த கூட்டம் மொத்தமும் ஓடியது. பெரிய மனிதர்கள், உரோமக் கழுத்துப் போட்ட கோட்டுக்காரர்கள் எல்லாம் விழுந்தடித்து ஓடினார்கள். ஒருத்திக்குச் செருப்புக் கழன்றது, அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. "மனையியல்! அக்கா, மனையியல்! ஓடு!" என்று கத்திக்கொண்டே மான்சூ என் கையிலிருந்த விண்ணப்பத்தைப் பிடுங்கி, கட்டத்தில் எழுதப் பேனாவை வைத்தான். குளிரில் மை உறைந்துவிட்டது. பேனா எழுதவில்லை. வாயில் வைத்து ஊதினான், உதறினான், கக்கத்தில் செருகிச் சூடாக்கினான். அந்தப் பேனா நன்றாக இருக்கட்டும். அது உடனே எழுதியிருந்தால் நான் இந்தக் கடிதத்தை வேறு விதமாக எழுதிக்கொண்டிருப்பேன்.

அந்த இடைவெளியில் என் பக்கத்தில் ஒருவர். நல்ல கோட்டு, நரைத்த தலை. முன்னால் நின்றவர் தோளில் விண்ணப்பத்தை வைத்து எழுதிக்கொண்டே அவரைக் கேட்டார், "ஏங்க, இந்த வனவியல்ல என்ன சொல்லித் தர்றாங்க?" தோளைக் கொடுத்தவர் திரும்பாமலே, "யாருக்குத் தெரியும்? ஆள் கம்மி, போடுங்க!" என்றார். எழுதியவரின் மகன் பின்னால் நின்றான். அப்பாவின் கையுறைகளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான். கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும் அரிசிக்கடைப் பையன் சட்டென்று ஞாபகத்துக்கு வந்தான்.

நான் திரும்பினேன். என் மகள் என் கைப்பையையும் கழுத்துத்துணியையும் ஏந்திக்கொண்டு அதேபோல் நின்றுகொண்டிருந்தாள்.

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. மான்சூமேல், உங்கள்மேல், அந்தப் பலகைமேல், எல்லாருக்கும் மேலாக என்மேல். கட்டம் அவளுடையது, நான்கு வருடம் அதற்குள் இருக்கப்போகிறவள் அவள். எழுதுவது மட்டும் நாங்கள். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? மான்சூ கையிலிருந்து விண்ணப்பத்தை வெடுக்கென்று பிடுங்கினேன். "ஹேரான், இங்க வா. நீயே எழுது" என்றேன். அவள் வாயைத் திறந்தபடி நின்றாள். "அம்மா, போர்டைப் பாத்தியா? அங்க ஆள் நெறைஞ்சு வழியுது. தோத்துட்டா..." "தோத்தா தோத்துட்டுப் போற. அது உன் தோல்வியா இருக்கும். மாமாவோடதா இருக்காது. எழுதுடி!"

மேசைகளில் இடமில்லை. சுவரை நெருங்க முடியவில்லை. நான் திரும்பிக் குனிந்தேன். "என் முதுகுமேல வச்சு எழுது" என்றேன். மான்சூ அலறினான். "அக்கா! பைத்தியமா புடிச்சிருக்கு உனக்கு? மச்சானுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?" "உன் மச்சானுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீ நகரு, வெளிச்சத்தை மறைக்கிற" என்றேன்.

அவள் பையில் பென்சில்களுக்கு நடுவே ஒரு பேனா இருந்தது. அது எழுதியது. கெட்டியான பஞ்சுக்கோட்டுதான் போட்டிருந்தேன். ஆனாலும் நம் மொழியில் சிவில் பொறியியல் என்று எழுத வேண்டிய அந்த நான்கு எழுத்தும் என் முதுகுக்குத் தெரிந்தது. முதல் எழுத்தின் மூன்று குறுக்குக் கோடு, இரண்டாவதின் பெட்டி, மூன்றாவதின் அடியில் ஒரு வட்டம். அந்த வட்டத்தை அவள் நிதானமாகப் போட்டாள். சுற்றிலும் மண்டபமே தலைகீழாகிக் கொண்டிருந்தது.

சிவில் மேசையில் இருந்த எழுத்தர் தலையைத் தூக்காமலே, "மனையியல் வரிசை அந்தப் பக்கம்மா" என்றார். "தெரியும் சார். அங்க போகாம இருக்கத்தான் இவ்வளவு பாடு பட்டோம்" என்றாள் உங்கள் மகள். அவர் தலையைத் தூக்கினார். அவளைப் பார்த்தார், கலைந்த தலையோடு நின்ற என்னைப் பார்த்தார், முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினார்.

வெளியே படிக்கட்டில் பனியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தோம். எனக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. ஹேரான் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். "வலிக்குதாம்மா?" என்று கேட்டாள். பேனாவால் எழுதினால் வலிக்குமா என்ன? ஆனாலும் அவள் தடவட்டும் என்று முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரயிலில் திரும்பும்போது மான்சூவின் வானொலியில் கடைசிக் கணக்கு வாசித்தார்கள். ஹன்மிரில் எல்லாவற்றையும்விட அதிகக் கூட்டம் எதில் தெரியுமா? மனையியலில்! ஆள் குறைவு என்று பலகையைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒன்றாகப் போய் அதில் விழுந்திருக்கிறார்கள். நிறைந்து வழிகிறது என்று எல்லாரும் பயந்து ஒதுங்கியதால் சிவிலில் அதற்குமேல் எங்களைத் தவிர ஒருவரும் போடவில்லை. இருந்தாலும் இருக்கிற இடத்துக்குமேல் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். அவள் மதிப்பெண் அந்த ஓரத்தில்தான் நிற்கிறது. உள்ளேயும் விழலாம், வெளியேயும் விழலாம்.

உங்களைக் கேட்காமல் செய்துவிட்டேன். திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள், பிள்ளையை ஒன்றும் சொல்லாதீர்கள்.

உங்கள்,
ஹேரானின் அம்மா

மச்சான், மான்சூ எழுதுகிறேன். இதில் எனக்குச் சம்பந்தமே இல்லை. அக்கா நான் சொன்னதைக் கேட்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.


இஞ்சோன்,
1984 ஜனவரி 29

ஹேரானின் அப்பாவுக்கு,

முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் ஜெயித்துவிட்டாள்! ஹன்மிர் பல்கலைக்கழகம், சிவில் பொறியியல். முழு வகுப்புக்கும் ஒரே பெண்.

நேற்று முன்தினம் மண்டபத்தின் வெளிச்சுவரில் எண்களை ஒட்டினார்கள். நான் மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன், ஹேரான் கீழிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். கெட்டிக்காரி, அவள் பக்கத்தில்தான் இருந்தது. கடைசி வரிசையில், கடைசிக்கு முந்தின எண். நான் போட்ட சத்தத்தில் முன்னால் நின்ற ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். கடைசியாக நுழைந்தால் என்ன? உள்ளே போனபின் வாசலில் யார் எத்தனையாவதாக வந்தார்கள் என்று யார் கேட்கப்போகிறார்கள்?

அழகுநிலையத்தில் அன்று வந்தவர்களுக்கெல்லாம் சுருள் இலவசம். அரிசி உருண்டை வேறு. வட்டத் தலைவி தலை நிறையக் குச்சியோடு எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கி வாழ்க, வாழ்க என்று கத்தினாள். குச்சிகள் உருண்டோடி, அவள் பாதித் தலை சுருட்டையாகவும் பாதித் தலை நேராகவும் வீட்டுக்குப் போனாள். ஆசிரியர் குவாக் தானே தொலைபேசியில் கூப்பிட்டார். "ஹேரான்கிட்ட அப்பவே ஒரு பொறி தெரிஞ்சுதுங்க" என்றார். நான் சிரித்துக்கொண்டே நன்றி சொன்னேன். நல்ல நாளில் எதற்கு வம்பு?

தெருமுனையில் மான்சூ ஒரு துணிப் பதாகை கட்டியிருக்கிறான். "ஹன்மிர் சிவில் பொறியியலில் வெற்றி பெற்ற ஹேரானுக்கு வாழ்த்து" என்பது சின்ன எழுத்தில். "தாய்மாமன் மான்சூ" என்பது மின்கம்பம் உயரத்தில். போகிறவர் வருகிறவர் எல்லாம் அவன்தான் படிக்கப் போகிறான் என்று நினைக்கிறார்கள். "பேனாவை நான்தான் வேணும்னே உறைய வச்சேன், அக்கா. அதெல்லாம் ஒரு தந்திரம்" என்கிறான். அடிக்கக் கை ஓங்கினேன், சிரித்துவிட்டேன்.

அரிசிக்கடைக்காரி மட்டும் கூட்டம் கலைந்தபின் வந்தாள். கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தாள். "நேத்து ராத்திரிதான் என் பையன்கிட்ட முதல் தடவையா கேட்டேன், உனக்கு என்னடா படிக்க ஆசைன்னு. சமையலாம்! என் தலையெழுத்தைப் பாருங்க" என்றாள். அப்புறம், "ஆனா ரெண்டு வார்த்தை பேசினான். ஒரு வருஷம் கழிச்சு என்கூடப் பேசினான்" என்றாள். அவள் முடியை மெதுவாக வாரிவிட்டேன்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். என் முதல் கடிதத்துக்கு நீங்கள் எழுதிய பதில் நேற்றுத்தான் கைக்கு வந்தது. இரண்டு முறை படித்தேன். "வேறு எதில் வேண்டுமானாலும் போடு, அந்த மண்ணில் மட்டும் என் மகளை இறக்காதே. மகன் வயதுப் பொறியாளன் என்னை வாடா போடா என்கிறான். தப்பு அவன் வரைபடத்தில் இருக்கும், ஊற்றிய கான்கிரீட்டை வெயிலில் உடைப்பது நாங்களாக இருக்கும். அவள் அந்தக் கூட்டத்தில் சேர்வதை நான் பார்க்க வேண்டாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். இத்தனை வருடத்தில் முதுகுவலிக்கான காரணத்தை இப்போதுதான் சொல்லியிருக்கிறீர்கள்.

அந்தக் கடிதத்தை ஹேரானிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, விண்ணப்பம் போட்டபின் அவளைக் கூப்பிட்ட நேர்முகத் தேர்வில் நடந்ததை அப்போதுதான் சொன்னாள். அதுவரை என்னிடம்கூடச் சொல்லவில்லை.

மூன்று பேராசிரியர்கள் இருந்தார்களாம். நடுவில் இருந்தவர், "ஏம்மா, கட்டுமானம் நடக்கிற இடத்தை ஒரு தடவையாவது பாத்திருக்கியா? அங்க பொண்ணுங்க நிக்க முடியுமா?" என்று கேட்டாராம். பக்கத்தில் இருந்தவர் தாளைப் பார்த்து, "அப்பா என்ன வேலை பாக்கிறார்?" என்றாராம். யார் கேட்டாலும் மேற்பார்வையாளர் என்று சொல்லச் சொல்லி நீங்கள் எழுதியது எங்கள் இருவருக்கும் தெரியும். அவள் அதைச் சொல்லவில்லை. "சவூதியில கடல் சுவருக்குக் கான்கிரீட் ஊத்துறார். வரைபடத்துல ஒரு கோடு தப்பாப் போனா யாரோட முதுகு ஒடியும்னு எனக்குத் தெரியும். அது தெரிஞ்ச ஒருத்தி இந்த வகுப்புல இருக்கட்டும், சார்" என்றாளாம்.

பிறகு நடுவில் இருந்தவர், நீ போகலாம் என்று மட்டும் சொன்னாராம். கதவை மூடும்போது அவர் ஏதோ பெரிதாக எழுதுவது தெரிந்ததாம். கடைசிக்கு முந்தின எண்ணை உள்ளே இழுத்தது அந்த எழுத்தாகக்கூட இருக்கலாம். இல்லை, வெறும் மதிப்பெண்ணாகவும் இருக்கலாம். நான் முதலாவதைத்தான் நம்பப்போகிறேன்.

ஏன் சிவில் என்று அன்று ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தவளிடம் அத்தனை முறை கேட்டேனே, அதற்குப் பதில் இதுதான். நீங்கள் அவளைத் தள்ளி நிறுத்த நினைத்த காரணத்துக்காகவே அவள் உள்ளே போயிருக்கிறாள். அந்தக் கூட்டத்தில் அவள் சேரவில்லை. உங்கள் பக்கத்து ஆளாகத்தான் அங்கே போய் உட்காரப்போகிறாள். எனக்கு அப்படி ஒரு பெருமை! சாலையில் நடக்கும்போதே சிரித்துக்கொண்டு போகிறேன், பார்க்கிறவர்கள் என்ன நினைக்கிறார்களோ தெரியாது.

நம் சந்திரப் புத்தாண்டு இன்னும் சில நாளில் வந்துவிடும். முன்னோர் படையலில் உங்கள் இடத்தில் இந்த வருடமும் மான்சூதான் நிற்பான். நிற்கட்டும், இதுதான் கடைசித் தடவை. படிப்புச் செலவை நினைத்து ஒப்பந்தத்தை நீட்டிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இந்த இஞ்சோனில் பெண்களுக்குத் தலை இருக்கும்வரை என் கடையில் சுருள் நிற்காது. அந்தக் கவலையை என்னிடம் விட்டுவிடுங்கள்.

மார்ச் இரண்டாம் தேதி சேர்க்கை விழா. வாசலில் பெற்றோரோடு படம் எடுத்துக்கொள்வார்களாம். எனக்கு இடது பக்கம் என்று இப்போதே சொல்லிவிட்டாள். வலது பக்கத்தில் நிற்கத் தாய்மாமன் புதுக்கோட்டு எடுத்துக்கொண்டு வந்தான். "மாமா, நீங்க பின்னால நில்லுங்க. அது அப்பா இடம்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அன்று அவள் எழுதுவதற்கு நான் முதுகைக் கொடுத்தேன், ஒரு நிமிடம்தான் குனிந்தேன். நீங்கள் மூன்று வருடமாகக் குனிந்திருக்கிறீர்கள். போதும், நிமிருங்கள். ஒப்பந்த நீட்டிப்புத் தாளில் கையெழுத்தாகக் குத்துவதற்கு எடுத்து வைத்திருக்கும் உங்கள் பெயர் முத்திரையைத் தாளில் வைக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு புறப்படுங்கள். வழியெல்லாம் உங்களுக்கு நல்லதே நடக்கட்டும். விமான நிலையத்துக்கு நாங்கள் இருவரும் வந்து நிற்போம்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
ஹேரானின் அம்மா